எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிற வண்டிகளில் பாதி எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம் என்றால் அன்றைக்கு முழுவதும் சாலையைக் கடக்க முடியாது. மற்ற நாட்களில் பள்ளிக்கூட பஸ், கும்பகோணத்திலிருந்து கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்களின் வேன், கண்ணாடி ஏற்றிய ஏசி காரில் வெளிநாட்டுக்காரர்கள். வாசல் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அவையெல்லாம் சத்தம் மட்டும்தான். அந்த வண்டிகளில் ஒன்று எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

என் கொழுந்தனார் திருச்சியில் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டுகிறார். அவர் ஓட்டாத சவாரி இல்லை. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வேண்டுதல் முடிக்க வருகிறவர்கள், துபாயிலிருந்து லீவில் வந்து பிள்ளைகளுக்கு ரஞ்சன்குடி கோட்டையைக் காட்டுகிற லப்பைக்குடிக்காட்டுக் குடும்பங்கள், சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தைப் பார்க்க வருகிற காலேஜ் பிள்ளைகள் என்று எல்லோரையும் ஏற்றியிருக்கிறார். யாருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வரிசை சீக்கிரம் நகர வேண்டும், கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு பிரியாணிக்கடை பக்கத்தில் இருக்க வேண்டும், வெள்ளைக்காரர்களை மட்டும் அவசரப்படுத்தக் கூடாது என்பார்.

போன வருஷம் தை மாதம் பொங்கலுக்கு வந்தவர் புதிதாக ஒன்றைச் சொன்னார். "இப்ப கோயில் மட்டும் போதலங்க அண்ணி. கோயில் பாத்தாச்சு, ஜனங்கள பாக்கணுங்கிறாங்க. கிராமத்து வூட்டுல உக்காந்து ஒரு வேளை சாப்புடணுமாம்."

நம் வீட்டிலேயே செய்யலாமே என்று சொன்னது என் கணவர். முந்திரித் தோப்பில் அந்த வருஷம் பூ சரியாகப் பிடிக்கவில்லை. மகள் பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சமைக்க வரும். வந்தவர்களுக்குச் சோறு போடுவதில் என்ன குறைச்சல் என்றுதான் எனக்கும் தோன்றியது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாது என்று இன்னும் இரண்டு வாங்கி வரச் சொன்னேன்.

வீட்டைப் பார்க்க டிராவல்ஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். தமிழ் தெரிந்தவர்தான், மரியாதையாகவும் பேசினார். நான் பட்டுப் புடவை கட்டி, காபி போட்டு வைத்திருந்தேன். அவர் வாசலில் நின்றபடியே டைல்ஸ் தரையைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். சமையலறையில் நாங்கள் கடன் வாங்கிப் போட்ட கிரானைட் மேடையைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பெண் பார்க்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. கொழுந்தனார்தான் மெதுவாக, "வூடு நல்லாத்தான் இருக்குங்க அண்ணி. டவுன் வூடு மாதிரில்ல இருக்கு" என்றார்.

பின்பக்கம் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓடு போட்ட பழைய சாய்ப்பு ஒன்று இருக்கிறது. கடலை மூட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களும் போட்டு வைக்கிற இடம். அதைப் பார்த்ததும்தான் மேடத்துக்கு உயிர் வந்தது. இங்கேயே சமைக்கலாம், இங்கேயே பாய் விரித்து இலை போடலாம் என்றார். மண் அடுப்பு வேண்டும், அம்மி உரல் வேண்டும். அம்மி எங்கே என்று கேட்டபோது நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது குழாயடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து அதைப் புரட்டி, பாசியைத் தேய்த்துக் கழுவி, சாய்ப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

எனக்கு அம்மியில் அரைக்கத் தெரியாது. கல்யாணத்தில் காலை வைத்ததோடு சரி, அதுவும் மண்டபத்து அம்மி. ஒரு வாரம் பழகினேன். குழவி நேராகப் போகாமல் பக்கத்துக்குப் பக்கம் வழுக்கும். தோள்பட்டை விட்டுப் போகும். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, மிக்ஸி ரிப்பேரா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சின்னப் பொய் ஏன் வாயில் வந்தது என்று அப்போது எனக்கே புரியவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாரத்தில் ஒரு தரம், சில வாரம் இரண்டு தரம். வருகிற அன்றைக்கு நைட்டி போடக் கூடாது. பட்டும் கூடாது. வெளுத்துப்போன நூல் புடவை கட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அது இல்லாமல் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது, ஆனால் அம்மி அரைக்கக் கண் எதற்கு? யாராவது முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று மேடம் பயந்தார். சமையலறைக் கதவு சரியாகச் சாத்தாது. அதனால் ஃபிரிட்ஜின் மேல் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி வைத்தோம். வேட்டி கட்டி, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு மாட்டோடு நிற்கும்படி என் கணவரிடம் சொன்னார்கள். ஒரு தடவை நின்றார். அதற்குப் பிறகு கார் வருகிற நாட்களில் அவருக்குத் தோப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையால் சாப்பிடத் தடுமாறுவார்கள், சிரிப்பார்கள், போகும்போது கும்பிடுவார்கள். நான் அரைப்பதையும் ஊதுகுழலால் ஊதுவதையும் போட்டோ எடுப்பார்கள். புகையில் என் கண்ணில் நீர் வந்தால் இன்னும் பக்கத்தில் வந்து எடுப்பார்கள். அவர்கள் போனதும் நான் முன்பக்கம் வந்து, ஃபேனைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதியில் விட்ட ரவிக்கையைத் தைப்பேன். இரண்டு வேலை பார்க்கிறவள் மாதிரி ஆகிவிட்டேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்ட நாளும் உண்டு.

ஆனி மாதம் மகள் போன் செய்தாள். வழக்கமாகப் பேசுகிற நேரம் இல்லை. அவள் குரல் சரியாக இல்லை.

"அம்மா, நீ அடுப்பு ஊதுற போட்டோ நெட்டுல வந்திருக்கு. கீழ என்ன போட்டுருக்கு தெரியுமா? இந்த வூட்டுல கரண்ட் கிடையாதாம். நீ இந்த ஊர விட்டு வெளிய போனதே இல்லையாம்."

ஹாஸ்டலில் அவள் அறைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, இது உன் அம்மாதானே என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். பாவம்டி என்று சொல்லியிருக்கிறார்கள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பாவம் என்றதுதான் தாங்கவில்லை என்று மகள் அழுதாள். நான் திருச்சி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள், சென்னையில் நாத்தனார் வீட்டில் மாதக்கணக்கில் இருந்தவள், பன்னிரண்டாவது வரை படித்தவள். எல்லாம் அவளுக்குத் தெரியும். கொழுந்தனாரிடம் கேட்டபோது, அது டிராவல்ஸ் ஆபீஸில் இருக்கிறவர்கள் போடுவது, யாரும் நிஜமாக நம்ப மாட்டார்கள் என்றார்.

நம்பி ஒருத்தர் வந்தார்.

அது ஒரு சனிக்கிழமை. மகள் லீவுக்கு வந்திருந்தாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கார் வருவது தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டாள். வழக்கமாக வருகிற கைடுக்குக் காய்ச்சல் என்பதால், இங்கிலீஷ் பேச நீதான் இருக்க வேண்டும் என்று அவளுடைய சித்தப்பா கெஞ்சினார். வேண்டா வெறுப்பாகச் சாய்ப்பு வாசலில் வந்து நின்றாள்.

காரிலிருந்து இறங்கியது வெள்ளைக்காரர்கள் இல்லை. எங்களைப் போலவே இருந்த ஒரு அம்மாவும் அவர் கணவரும். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் பெரியம்மாவை உரித்து வைத்த முகம். அகலமான நெற்றியில் குங்குமம். நான் வாய் தவறி, வாங்க பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் சிரித்தார், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியவில்லை. தண்ணி, சாமி, அம்மா என்று ஏழெட்டு வார்த்தைகள்தான் அவரிடம் இருந்தன.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்து வேலைக்காகக் கப்பல் ஏறிப் போனவர்களின் வம்சம். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. உடையார்பாளையம் என்ற பெயர் மட்டும் வீட்டுப் பேச்சில் தேய்ந்து தேய்ந்து மிஞ்சியிருந்திருக்கிறது. காலையில் அங்கே போயிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டும் செல்போன் கடையும் கறிக்கடையும் பார்த்திருக்கிறார்கள். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டார்கள். பிறகு சோழபுரத்துப் பெரிய கோயிலைப் பார்த்தார்களாம். அது ராஜா கட்டினது, எங்கள் ஆட்கள் அங்கே கல் சுமந்திருந்தாலும் சுமந்திருப்பார்கள், வேறு என்ன சொந்தம் என்று அந்த அம்மா கேட்டாராம். இதையெல்லாம் மகள் தணிந்த குரலில் எனக்குச் சொன்னாள்.

நான் வழக்கம் போல அம்மி முன்னால் உட்கார்ந்து மிளகும் சீரகமும் அரைக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா போட்டோ எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, அம்மியின் ஓரத்தைத் தொட்டார். குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரித் தொட்டார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை.

என்னமோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று நான் கேட்டேன்.

"அவங்க முப்பாட்டி இப்படித்தான் அரைச்சாங்களாம். கப்பல்ல போன எடத்துலயும் இந்த மாதிரி கல்லு தேடுனாங்களாம், கெடைக்கலயாம்." மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவங்க தொலைச்சத நீ மாத்தாம காப்பாத்தி வச்சிருக்கியாம். உனக்கு நன்றி சொல்றாங்க."

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பேசாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு அவர் ஒரு தடவை அரைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். குழவி அவருக்கும் பக்கத்துக்குப் பக்கம் வழுக்கியது. நான் பின்னாலிருந்து அவர் கைமேல் கை வைத்து இழுத்துக் காட்டினேன், பரம்பரை பரம்பரையாகத் தெரிந்தவள் போல. அவர் கணவர் தூணில் சாய்ந்து நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன். சாப்பாட்டின்போது அந்த அம்மா இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

புறப்படுகிற நேரம் வந்தது. நான் வழக்கம் போல வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். நான் புரிந்துகொள்வதற்குள் மண்டி போட்டு என் காலில் விழுந்துவிட்டார். நெற்றி என் பாதத்தில் பட்டது. கண்ணீரின் ஈரமும் பட்டது.

என் பெரியம்மா வயது அவருக்கு. நம் பக்கத்தில் பெரியவர்கள் சின்னவர்கள் காலைத் தெரியாமல் தொட்டாலே பதறிப்போவோம். நான் பின்னால் நகர்ந்ததில் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தது. வேணாங்க, எந்திரிங்க, எந்திரிங்க என்று என்னென்னவோ சொன்னேன். தோளைப் பிடித்து அவரைத் தூக்கினேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துபோனது. அவர் விழுந்தது என் காலில் இல்லை. இல்லாத ஒருத்தியின் காலில். அந்த இல்லாதவளின் புடவையைக் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். கொழுந்தனார் அண்ணி, அண்ணி என்று பின்னாலேயே வந்தார். சமையலறையில் ஃபிரிட்ஜின் மேல் கிடந்த புடவையை உருவினேன். மிக்ஸியைக் காட்டினேன். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன். தையல் மெஷினையும், அதன் மேல் இருந்த என் கண்ணாடியையும் காட்டினேன்.

"சொல்லுடி" என்றேன் மகளிடம். "அந்தக் கல்லு குழாயடியில துணி தொவைக்கிற கல்லா கெடந்துச்சுன்னு சொல்லு. எனக்கு அரைக்கவே தெரியாது, போன தைலதான் பழகுனேன்னு சொல்லு."

மகள் சொன்னாள். நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள் என்று அவள் குரலிலிருந்தே தெரிந்தது. அந்த அம்மா சமையலறை நடுவில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேஸ் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. அவர் கணவர்தான் எட்டி அதை அணைத்தார். ஒரு நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், அவரும் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று ஒரு நொடி நம்பினேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஏதோ ஒன்று கேட்டார். மகள் அதை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. அவர் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, காரில் ஏறினார். கும்பிடக் கையைத் தூக்கியவர் பாதியிலேயே இறக்கிக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன். கார் தார் ரோட்டில் திரும்பி மறைந்தது.

மகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்ன கேட்டார் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு பாயை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தியா வந்ததுலேந்து எந்தக் கோயில்லயும் எனக்கு அழுகை வரல, இங்கதான் வந்துச்சு. இத ஏன் என்கிட்ட சொன்னீங்கன்னு கேட்டாங்கம்மா."

பொய்யாக நின்றதற்குப் பட்ட வெட்கம் போதாதென்று, உண்மையைச் சொன்னதற்கும் வெட்கப்பட வேண்டியதாயிற்று. என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவருக்குக் கிடைத்த ஒன்றைப் பிடுங்கிவிட்டேனோ என்று அன்றைக்கெல்லாம் நினைத்தேன். மகள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொன்னது சரி என்றோ தப்பு என்றோ அவள் சொல்லவில்லை. ஆனால் போன் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடம் கொழுந்தனாரை ஆபீஸுக்குக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவது நின்றது. கொழுந்தனார் ஆடிக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. இந்தப் பொங்கலுக்குத்தான் வந்தார், கரும்பைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போனார். என் கணவர் சாய்ப்பில் மறுபடியும் கடலை மூட்டையை அடுக்கிவிட்டார்.

இப்போது அந்தக் கார்கள் அடுத்த தெருவுக்குப் போகின்றன. அங்கே ஒருத்தர் காலி மனையில் இதற்கென்றே புதிதாகக் கூரைக் கொட்டகை ஒன்று கட்டியிருக்கிறார். சுவருக்குச் சாணி மெழுகி, கோலம் போட்டு, ஊரில் யாருடைய வீடும் எந்தக் காலத்திலும் இருந்திராத அழகோடு இருக்கிறது. கார் வருகிற சத்தம் கேட்டால் நான் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தைக்கிறேன். அந்தக் காருக்குள் அகலமான நெற்றியோடு யாராவது இருந்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

போன வாரம் அந்தக் கொட்டகை கட்டியவர் வீட்டு மருமகள் ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அளவு எடுத்து முடித்த பிறகும் போகாமல் துணியைத் தடவிக்கொண்டே நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"மலேசியாலேந்து ஒரு அம்மா வந்தாங்கக்கா. என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுக. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்க?"

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து வந்திருக்கிறாள். அளவு நாடாவைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடியும் சுருட்டினேன். உள்ளதைச் சொல்லிவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, சொல்லாதே என்று சொல்லவும் வரவில்லை.

"குடிக்கத் தண்ணி குடு" என்றேன். "கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு."

சரிக்கா என்று தலையாட்டிவிட்டு, ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.